விலாசம் தெரியாத தங்கை

காலையில் பேப்பர் வந்ததும் நான் முதலில் புரட்டுவது பொது அறிவிப்புப் பக்கத்தைத்தான். முதல் பக்கத்தில் யார் யாரைத் திட்டினார்கள் என்பது சாயங்காலத்துக்குள் மாறிவிடும். இந்தப் பக்கத்துச் சண்டைகள் அப்படி லேசில் மாறுவதில்லை. அப்பன் ஆரம்பித்ததைப் பேரன் முடித்து வைப்பான், அதுவும் முடிந்தால்.

"இதனால் பொதுமக்களுக்கு அறிவிப்பது என்னவென்றால்" என்று தொடங்குவார்கள். பொதுமக்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. படிக்கக் கூடாது என்பதற்காகவே பொடி எழுத்தில் கட்டம் கட்டிப் போடுகிறார்கள். ஒருத்தருக்கு மூலப்பத்திரம் தொலைந்திருக்கும். எங்கே என்றால், தி.நகரில் ஜெராக்ஸ் எடுக்கப் போன வழியில். அந்த ஒரே வழியில் இந்த ஊர்க்காரர்கள் தொலைத்த பத்திரங்களை எல்லாம் யாராவது பொறுக்கி வைத்திருந்தால் பாதிச் சென்னை அவருக்குச் சொந்தம். இன்னொரு அப்பா, என் மகன் என் பேச்சுக்குக் கட்டுப்பட்டவன் அல்ல, அவனோடு வைத்துக்கொள்ளும் வரவு செலவுக்கு நான் பொறுப்பாளி அல்ல என்று அறிவித்திருப்பார். அதற்குக் கீழே அடையாறில் ஒரு ஃபிளாட்டை வங்கி ஏலம் விடும், உள்ளது உள்ளபடி. அந்த வீட்டுக்குள் கடைசியாகச் சமைத்தவள் எப்படி வெளியே போனாள் என்று மட்டும் போட மாட்டார்கள்.

என் வீட்டுக்காரர் இருந்தவரை கிண்டல் செய்வார். அடுத்தவன் வீட்டுச் சண்டையை ஓசியில் வேடிக்கை பார்ப்பதில் உனக்கு என்ன சுகம் என்பார். உண்மைதான். மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் முழு ஆயுசும் உட்கார்ந்து, மற்றவர்களின் விண்ணப்பங்களைப் படித்தே பழகியவள் நான். பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகும் அந்தக் கண் மாறவில்லை.

அப்படி ஒரு காலையில்தான் எங்கள் வீட்டைப் பேப்பரில் பார்த்தேன்.

ஒரு கட்டுமானக் கம்பெனியின் வக்கீல் கொடுத்த அறிவிப்பு. மந்தைவெளியில் இன்ன சொத்தை என் கட்சிக்காரர் கிரயம் வாங்க இருக்கிறார், ஆட்சேபணை உள்ளவர்கள் ஒரு வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், தவறினால் யாருக்கும் எந்த உரிமையும் இல்லை என்று கருதப்படும். வழக்கமான வாசகம். நான் எப்போதும் கீழே இருக்கும் சொத்து விவரத்தை முதலில் படிப்பேன், அதில்தான் ஊர் தெரியும். கிழக்கில் சந்து. தெற்கில் பிள்ளையார் கோயில் மதில். மேற்கில் மாவு மில். மாவு மில்லை மூடி எத்தனையோ வருஷம் ஆகிறது. பத்திரத்தில் மட்டும் அது இன்னும் அரைத்துக்கொண்டிருக்கிறது. சின்ன வயதில் அந்த மதிலில் சாய்ந்துதான் நான் கணக்குப் போடுவேன், அந்த மில்லின் மாவு எங்கள் சமையல்கட்டு ஜன்னல் கம்பி எல்லாம் படிந்து கிடக்கும். எல்லைகளைப் படித்து முடித்த பிறகுதான் மேலே விற்பவர் பெயரைப் பார்த்தேன். என் அண்ணன் பெயர். நீதிமன்றத் தீர்ப்பின்படி முழு உரிமையாளர் என்று போட்டிருந்தது.

ஏதோ அச்சுப் பிழை என்று நினைத்தேன். அந்தப் பக்கத்தில் பிழைகள் சகஜம். ஆனால் அண்ணன் பெயர், அப்பா பெயர், தெரு, எல்லை எல்லாம் சேர்ந்து ஒரே மாதிரி பிழையாகுமா?

எங்கள் அப்பா பஸ் டிரைவர். வேறு எதையும் சேர்த்து வைக்காத மனிதர், அந்த வீட்டை மட்டும் வாங்கினார். உயில் எழுதவில்லை. அப்பாவும் போய், அம்மாவும் போன பிறகு அண்ணனும் அண்ணியும் அங்கேயே இருந்தார்கள். நான் கேட்கவில்லை. இருக்கட்டும், அவருக்கும் வேறு வீடு இல்லை, பாகம் எங்கே ஓடிவிடப் போகிறது என்று இருந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் இறந்ததும் அசோக் நகர் வாடகை கட்டுப்படியாகாமல் கோட்டூர்புரத்தில் ஹவுசிங் போர்டு வீடு ஒன்றில் வாடகைக்கு வந்தேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வாசல் மணி நான் வந்த நாளிலிருந்து வேலை செய்யவில்லை. தெரிந்தவர்கள் கதவைத் தட்டுவார்கள்.

இப்போது அந்தக் கட்டடத்தையும் இடித்துக் கட்டப் போகிறார்களாம். சொந்தக்காரர்களுக்கு மாற்று வீடு வரும். வாடகைக்காரிக்கு என்ன வரும்? வீட்டுச் சொந்தக்காரர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா என்று. பென்ஷனை வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தில் வேறு இடம் பார்க்க முடியாது. எனக்கு இருந்தது மந்தைவெளி வீட்டில் பாதி, அது ஒன்றுதான். அதை நம்பித்தான் ராத்திரி தூங்கிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் ஒருமுறை முறையாகக் கேட்டதும் உண்டு. இரண்டு தீபாவளிக்கு முன்னால் தாம்பாளத்தில் பட்டுப்புடவை, வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்து அண்ணியோடு வந்தார். புடவை மடிப்புக்கு அடியில் விடுதலைப் பத்திரம் இருந்தது. என் பாகத்தை மனப்பூர்வமாக அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதாக டைப் அடித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறிகூடப் போட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் தங்கைகளிடம் இப்படித்தான் கேட்பார்கள். புடவையை எடுத்துக்கொண்டு கையெழுத்தைப் போட்டால் நல்ல தங்கை. நான் புடவையையும் எடுக்கவில்லை, கையெழுத்தையும் போடவில்லை. வீட்டை விற்றால் பாதி கொடுங்கள், அதற்குள் நீங்கள் இருந்துகொள்ளுங்கள் என்றேன். அண்ணி முகம் சிறுத்துப் போனது. அண்ணன் மட்டும், "சரி வுடு பாப்பா, உனுக்கு இஷ்டம் இல்லன்னா வாணாம்" என்று சிரித்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எவ்வளவு பெருந்தன்மை என்று நான் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு வேறு திரிந்தேன்.

பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மந்தைவெளிக்குப் போனேன். போன் செய்தால் எடுக்கவில்லை. வாசலில் அளவு எடுத்துச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். அண்ணன் கூடத்தில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். காபி போடத்தான் போகிறார் என்று அப்போதுகூட நினைத்தேன்.

நான் பேப்பரை விரித்துக் காட்டினேன். அண்ணன் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"கோர்ட்டுல முடிஞ்சிப் போச்சு பாப்பா."

என்னைக் கூப்பிடாமல் என்ன கோர்ட்டு என்று கேட்டேன்.

"கூப்ட்டாங்களே. பேப்பர்ல போட்டாங்க. நீதான் தினிக்கும் அந்தப் பக்கத்தையே படிச்சிக்கினு கீறியே, உன் கண்ணுல படலன்னா நா இன்னா பண்றது?"

டி.வி.யைப் பார்த்தபடியே சொன்னார். எந்தப் பேப்பர் என்று கேட்டேன், டி.வி. சத்தத்தைக் கூட்டினார். கல்யாணத்தில் நகை போட்டாகிவிட்டது, அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது யார், வீட்டு வரி கட்டியது யார் என்று அண்ணிதான் உள்ளே இருந்து ஆரம்பித்தார். அம்மாவை அவர்கள் பார்த்துக்கொண்டது உண்மை. அதை நான் என்றைக்கும் இல்லை என்று சொன்னதில்லை. காபி வரவில்லை.

மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில், காபித்தூள் கடை மாடியில் ஒரு வக்கீல் அம்மா இருக்கிறார். எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவருடைய மாற்றுச் சான்றிதழை நான்தான் டைப் அடித்தேன் என்று அவர் சொன்னார், எனக்கு ஞாபகம் இல்லை. ஆட்சேபணை நோட்டீசை அன்றைக்கே கம்பெனி வக்கீலுக்கு அனுப்பினார். கோர்ட்டில் வழக்குக் கட்டை எடுத்துப் பார்க்கச் சில நாள் ஆனது. பிறகு என்னை உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார்.

அண்ணன் வழக்குப் போட்டிருக்கிறார். நான் என் பாகத்தை நகையாகவே வாங்கிக்கொண்டு, வாய்மொழியாக விட்டுக்கொடுத்துவிட்டேன் என்பது வழக்கு. எனக்குச் சம்மன் போயிருக்கிறது, அசோக் நகர் விலாசத்துக்கு. அங்கே நான் இல்லாததால் 'வீடு மாறிவிட்டார்' என்று திரும்பி வந்திருக்கிறது. உடனே அண்ணன் சத்தியம் செய்து ஒரு வாக்குமூலம் தாக்கல் செய்திருக்கிறார். பிரதிவாதி என் தங்கை. அவர் தற்போது எங்கே வசிக்கிறார் என்று பல இடங்களில் விசாரித்தும் தெரியவில்லை. ஆகவே பத்திரிகை மூலம் அழைப்பு அனுப்ப அனுமதிக்க வேண்டும். அனுமதித்துவிட்டார்கள். பேப்பரில் வந்தது. நான் ஆஜராகவில்லை. கூப்பிட்டும் வராதவளுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள், ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு ஆகிவிட்டது.

எங்கே வசிக்கிறார் என்று தெரியவில்லையாம். அசோக் நகரிலிருந்து நான் வீடு மாறியபோது மினி லாரியின் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் அவர். லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக்கும் என் பீரோவின் ஒரு பக்கத்தைத் தூக்கியவர் அவர். திருப்பத்தில் இடித்துக்கொண்டு அவர் முழங்கை சிராய்ந்தது, நான்தான் மஞ்சள் வைத்தேன்.

வக்கீல் அம்மா அந்தப் பேப்பரின் நகலையும் காட்டினார். அது ஒரு சின்னப் பேப்பர், அதிலும் வெளியூர்ப் பதிப்பு. செங்கல்பட்டு தாண்டி சின்னச் சின்ன ஊர்களின் பஸ் ஸ்டாண்டுகளில் தொங்குகிற பேப்பர். அந்தப் பக்கத்தில் நெல் அறுக்கிற மிஷின் வாடகைக்குக் கிடைக்கும் என்று ஒரு விளம்பரம். போர்வெல் போட அணுகவும் என்று ஒன்று. மீட்கப்படாத நகைகளை அடகுக்கடை ஏலம் விடுகிற அறிவிப்பு, ஊர் ஊராகப் பெயர்களோடு. அதற்கும் ஒரு ஆட்டுச் சந்தை அறிவிப்புக்கும் நடுவில் என் பெயர். மந்தைவெளியில் பிறந்து கோட்டூர்புரத்தில் இருப்பவளை, இன்ன தேதியில் காலை பத்தரை மணிக்கு வந்து சேர் என்று ஆட்டுச் சந்தைக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

எங்கள் மாடிக்கு வாரம் ஒருமுறை பட்டினப்பாக்கத்திலிருந்து மீன்காரம்மா வருவார். அவரிடம் அந்தப் பேப்பரின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். "நா மீன் மடிக்கிறதுக்கு எல்லாப் பேப்பரும் வாங்கிக்கினு கீறேன். இந்தப் பேர நா கேட்டதே இல்லமா" என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

அதன்பிறகு ஒரு விஷயம் என் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான் எந்தப் பேப்பர் வாங்குகிறேன் என்பது அண்ணனுக்குத் தெரியும். என் வீட்டுக்கு வந்தால் ஜன்னல் ஓரம் இருக்கிற நாற்காலியில் உட்கார்ந்து அதைத்தான் விரிப்பார். எந்தப் பக்கத்தை நான் முதலில் பார்ப்பேன் என்பதும் தெரியும், சின்ன வயதிலிருந்து கேலி செய்கிறவர். நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று பயந்துதான் வெளியூர்ப் பதிப்பாகத் தேடியிருக்கிறார். காதும் காதும் வைத்தாற்போல வேலை முடிந்தது. கட்டுமானக் கம்பெனியின் வக்கீலுக்கு மட்டும் இந்தச் சூட்சுமம் தெரியவில்லை. அவர் எல்லோரும் வாங்குகிற பேப்பரில், ஞாயிற்றுக்கிழமை பார்த்து, பெரிதாகப் போட்டுவிட்டார்.

"உங்க விலாசம் அவருக்குத் தெரியும்னு காட்ட ஏதாவது இருக்கா?" என்று வக்கீல் அம்மா கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சாட்சி சொல்வார்கள் என்றேன். அதைவிட உறுதியாக ஏதாவது, எழுத்தில் ஏதாவது, கடிதம், கூரியர் ரசீது என்றார். அண்ணன் தங்கைக்குள் யார் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள்? அந்த வாக்குமூலத்தில் எந்தத் தேதியில் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று பார்த்தேன். பொங்கலுக்கு முந்தின வாரம். அந்தத் தேதியை விரல் வைத்து மறுபடி படித்தேன்.

ஏனென்றால் அதற்கு மறுநாள் அவர் என் வீட்டுக்குப் பொங்கல் சீர் கொண்டு வந்தார்.

அப்பா போனதிலிருந்து ஒரு வருஷம் தவறியதில்லை. கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், ஒரு புடவை. வரும்போது சாவிக்கொத்தால் கதவின் நாதாங்கியைத் தட்டுவார். அந்தச் சத்தம் வேறு யாருடையதும் இல்லை, மாடிப்படி வரைக்கும் கேட்கும். அவர் வருகிற நாளில் கதவுக்குப் பின்னால் இருக்கிற மூலையை நான் ஒழித்து வைப்பேன், கரும்பைச் சாத்தி வைக்க அந்த வீட்டில் வேறு இடம் கிடையாது. புருஷன் இல்லாதவளுக்குச் சீர் எதற்கு என்று சொந்தத்தில் ஒருத்தி கேட்டபோது, பிறந்த வீடு இருக்கிற வரைக்கும் உண்டு என்று அவள் வாயை அடைத்தவரும் அண்ணன்தான்.

சீர் கொடுத்தால் மட்டும் போதுமா? கொடுத்தது சொந்தபந்தத்துக்குத் தெரிய வேண்டும். முன்பெல்லாம் சொல்லித் தெரிய வைப்பார்கள். இப்போது அதற்கு வாட்ஸ்அப் இருக்கிறது. அண்ணி ஒவ்வொரு வருஷமும் என் வாசலில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்து எங்கள் குடும்பக் குழுவில் போடுவார். போனை மேலே தள்ளித் தள்ளித் தேடினேன். இருந்தது. அண்ணன் தாம்பாளத்தை நீட்டுகிறார். நான் ஈயென்று இளித்துக்கொண்டு வாங்குகிறேன். அவர் தலைக்கு மேலே கரும்புத் தோகை. தோகைக்குப் பக்கத்தில், கதவில், நீலப் பெயிண்டில் என் வீட்டு எண். பக்கத்துச் சுவரில் கட்டடத்தின் எண், ஹவுசிங் போர்டின் பெயரோடு. கீழே, வாக்குமூலத்துக்கு மறுநாள் தேதியோடு, அண்ணி எழுதியிருந்தார்: கோட்டூர்புரத்துக்குப் போய் பாப்பாவுக்குப் பொங்கல் சீர் கொடுத்தாச்சு. சொந்தக்காரர்கள் வரிசையாகக் கை கூப்பியிருந்தார்கள். அண்ணன்னா இப்படி இருக்கணும் என்று ஒருத்தர் எழுதியிருந்தார்.

நேற்றைக்கு இவள் எங்கே இருக்கிறாள் என்றே தெரியாது என்று சத்தியம் செய்த கை. யாருக்கும் தெரியாத பேப்பரில் ஒன்றைப் போட்டார், எல்லோருக்கும் தெரிய ஒன்றைப் போட்டார். இரண்டும் முட்டிக்கொள்ளும் என்று அவர்கள் இரண்டு பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? சீர் கணக்கு வேறு, சொத்துக் கணக்கு வேறு என்று பிறந்ததிலிருந்து பழகிய வீடு எங்களுடையது.

வக்கீல் அம்மா அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். இது போதும் அம்மா, தீர்ப்பை ரத்து செய்ய இந்த ஒன்றே போதும் என்றார். அவருக்கு அது சாட்சி. நான் அந்தப் போட்டோவில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு எந்தப் போட்டோவிலும் இல்லை. வேண்டாம், வேறு வழி பாருங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்களே என்பது நினைவுக்கு வந்ததும் போனைக் கொடுத்துவிட்டேன்.

கோர்ட்டில் எங்கள் முறை வரும்வரை அண்ணனும் நானும் ஒரே வராந்தாவில் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் இளைத்திருந்தார். மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அவருடைய வக்கீல் போட்டோவைப் பழைய போட்டோ என்றார், ஒட்டு வேலையாகவும் இருக்கலாம் என்றார். நீதிபதி அவரை நிறுத்திவிட்டு அண்ணனையே கூப்பிட்டுப் போட்டோவைக் காட்டினார். இது நீங்களா என்று கேட்டார். ஆமாம் என்றார் அண்ணன். இது யார் வீட்டு வாசல்?

"தங்கச்சி வீடுங்க."

பிறகு நீதிபதி, தங்கை இருக்கிற இடமே தெரியாது என்று முந்தின நாள் சத்தியம் செய்துவிட்டு மறுநாள் எப்படி இங்கே போனீர்கள் என்று கேட்டார். அண்ணனுக்கு அந்தக் கேள்வியே புரியாத மாதிரி இருந்தது. அவர் வக்கீலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பொங்கலுங்க. தங்கச்சிக்கு சீர் குடுக்காம எப்டிங்க இருக்க முடியும்?"

அவர் நடிக்கவில்லை, அதைத்தான் என்னால் இன்று வரை தாங்க முடியவில்லை. பொய் சொல்கிறவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மனசாரச் சீர் கொடுத்தார், மனசாரப் பாகத்தையும் எடுத்துக்கொண்டார். தங்கைக்கு உள்ளது கரும்பும் மஞ்சளும், வீடு ஆண்பிள்ளைக்கு. இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது என்று அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

தீர்ப்பு ரத்தானது. வழக்கு மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும். கட்டுமானக் கம்பெனி, வில்லங்கம் பிடித்த சொத்து என்று கைகழுவிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி வேறு வீட்டைப் பிடித்துக்கொண்டது. மந்தைவெளி வீட்டு வாசலில் சுண்ணாம்புக் கோடு அப்படியே இருக்கிறதாம். நான் அந்தப் பக்கம் போவதில்லை. பஸ்ஸில் அந்த வழியாகப் போக நேர்ந்தால் வீடு தெரியாத எதிர்ப்பக்கத்து ஜன்னலில் உட்காருவேன்.

குடும்பக் குழுவில் முதலில் அண்ணி வெளியேறினார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக. போன் செய்தவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டார்கள். அண்ணன் பொய்ச் சத்தியம் செய்ததைப் பற்றி ஒருவர் வாயைத் திறக்கவில்லை. வெளியூர்ப் பேப்பரைப் பற்றி ஒருவர் வாயைத் திறக்கவில்லை. சீர் கொடுத்த போட்டோவைக் கொண்டுபோய்க் கோர்ட்டில் காட்டினாயே, உனக்கு எப்படி மனசு வந்தது என்றார்கள். பாகம் கேட்டதைக்கூட மன்னித்துவிடுவார்களாம், சீரைச் சாட்சிக்கு ஏற்றியதை மன்னிக்க மாட்டார்களாம். மீன்காரம்மாவிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் கூடையை இறக்கிவிட்டு யோசித்தார். "தப்பு இன்னா கீது, உன் பாகத்த நீ கேட்ட. ஆனா இனிமே அந்தாளு வரமாட்டாரும்மா" என்று சொல்லிவிட்டு மீனைக் கழுவ ஆரம்பித்தார். வராவிட்டால் போகட்டும் என்றேன். எனக்குச் சேர வேண்டியது வீடு, கரும்பு இல்லை என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

கட்டடத்தை இடிக்கிற வேலை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. பாதிப் பேர் காலி செய்துவிட்டார்கள். வாய்தாவும் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. எது முதலில் வரும் என்று தெரியாமல் நான் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். பேப்பர் மட்டும் தினமும் வருகிறது. பொது அறிவிப்புப் பக்கத்தை இப்போது படிப்பதில்லை, மடித்து அப்படியே மீன்காரம்மாவுக்குப் போட்டுவிடுகிறேன். அதில் இருக்கிற ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் யாரோ ஒருத்தி தன் பெயர் வந்தது தெரியாமல் எங்கேயோ சமைத்துக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

இந்த வருஷம் போகிக்கு முந்தின நாள், சமையல் முடித்துவிட்டு அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் நாதாங்கியில் இரும்பு தட்டுகிற சத்தம் கேட்டது. பாத்திரத்தை எங்கே வைத்தேன் என்று தெரியாது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தலையை ஒதுக்கிக்கொண்டு, இதோ வந்துட்டேன்ணா என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். ஆமாம், வாய்விட்டுச் சொன்னேன்.

தபால்காரர் நின்றிருந்தார். மணி வேலை செய்யவில்லை என்று பைக் சாவியால் தட்டியிருக்கிறார். பதிவுத் தபால், அண்ணனுடைய வக்கீல் அனுப்பியது. வழக்கைக் கடைசிவரை நடத்தப் போவதாக நோட்டீஸ். உறையில் என் பெயர், கதவு எண், கட்டட எண், மூன்றாவது மாடி, கோட்டூர்புரம், பின்கோடு, எல்லாம் ஒரு எழுத்து பிசகாமல் இருந்தது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

கதவைச் சாத்தும்போதுதான் பின்னால் இருந்த மூலையைப் பார்த்தேன். துடைப்பமும் குடையும் பழைய வாளியும் அங்கே இல்லை. காலையில் நானேதான் அவற்றை எடுத்து ஒதுக்கி வைத்து அந்த இடத்தைப் பெருக்கியிருந்தேன்.